எலுமிச்சம்பழம் நசுங்கும் சத்தம்

வெள்ளி உப்பில் ஊறிய எலி மூளையை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டினால் எல்லாம் தேன்நிறம். அதற்குள் ஒன்றிரண்டு நரம்புச் செல்கள் மட்டும் கரேலென்று எழுந்து நிற்கும். தொண்ணூறுகளின் கடைசியில், பாளையங்கோட்டை ஆய்வுக்கூடம் ஒன்றில், அவற்றைப் பார்த்து வரைவது என் வேலை. கிளை, கிளைக்குள் கிளை, கிளை நெடுக முள். சாத்தான்குளம் போகிற வழியில் நிற்கும் உடைமரம் போல. ஊக்க மருந்து ஏற்றிய எலிகளுக்கு அந்த முள் இன்னும் அடர்த்தி. மருந்து கொடுத்த அதே பெட்டியில் அவற்றை விட்டு, வெறும் உப்புத் தண்ணீரை ஊசியில் ஏற்றினாலும் வெறிபிடித்து ஓடும். பெட்டியே மருந்தாகிவிட்டிருந்தது.

என் அண்ணன் தூத்துக்குடி உப்பை வடக்கே ஏற்றிப்போன லாரி டிரைவர். தூக்கம் வராமலிருக்க மாத்திரை. பிறகு மாத்திரைக்காகவே லாரி. கயத்தாறு பக்கம் வண்டி புளியமரத்தில் உரசி நின்றபின் இரண்டையும் விட்டான். கிடந்தான், எரிந்து விழுந்தான், பையத் தேறினான். வாழைத்தார் ஏற்ற ஒரு பழைய டெம்போ அமைந்தது. பகல் ஓட்டம் மட்டும்.

முதல் நாள் காலை, வழக்கப்படி அம்மா சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். வண்டி நகர்ந்தது, பழம் நசுங்கியது, புளிப்பு வாசம் எழுந்தது. அண்ணனின் கை சட்டைப்பைக்குப் போயிற்று. அங்கே ஒன்றுமில்லை. மாத்திரை போட்ட நாட்களைப் போலத் தாடை இடமும் வலமுமாக அரைபட, எஞ்சினை அணைத்தான்.

“ஏலே, என்னலே செய்யுது?” அம்மா பதறினாள்.

இறங்கி வாசற்படியில் உட்கார்ந்தான். “லாரி செட்டுல பழம் நசுங்கும்போதுதாம்மா முதல் மாத்திரைய வாயில போடுவேன். எல்லா லோடுக்கும்.”

எனக்கு அந்த எலிப்பெட்டி நினைவுக்கு வந்தது. எலிகளைப் பற்றிச் சொன்னேன்.

“ஏட்டி, என்னய எலிங்கியா?”

“எலிக்கு மீசை அழகா இருக்கும்ணே.”

சிரித்தான். தாடை மட்டும் அரைத்துக்கொண்டே இருந்தது.

“இனி பழமே வேண்டாம்யா,” என்றாள் அம்மா.

“நீ வைக்கலன்னா ஊர்ல எவனும் வைக்க மாட்டானாம்மா? தெருவுக்கு நாலு வண்டி நசுக்கிட்டுத்தான் கெளம்புது.” என் பக்கம் திரும்பினான். “அந்த எலி பொறவு என்ன ஆச்சு?”

“மருந்தில்லாம அதே பெட்டியில திரும்பத் திரும்ப விட்டா ஓட்டம் கொறையும். ஆனா அந்தப் பழக்கம் உள்ளுக்குள்ள கெடக்கும்ணே. மறுபடி மருந்து பட்டா முளிச்சிக்கிடும்.”

“கெடந்துட்டுப் போட்டும். உடைமரக் காட்டுல முள்ளு இருக்குன்னு ஆடு மேயாமலா இருக்கு? அம்மா, நாளைக்கும் பழம் வை.”

வைத்தாள். தினமும் பழத்தின்மேல் ஏற்றி, எஞ்சினை அணைத்து, தாடை அடங்கும்வரை உட்கார்ந்திருந்து, பிறகே கிளம்பினான். சில காலைகளில் சட்டை முதுகோடு ஒட்டிவிடும். ஒரு காலையில் கதவைத் திறந்து இறங்கி, தெருமுனைவரை போய்த் திரும்பி வந்தான். வந்துவிட்டான்.

எதிர்வீட்டுக்காரர் கேலி செய்தார். “என்னடே, தெனமும் புது வண்டியா?”

“ஆமா அண்ணாச்சி. நேத்து ஓட்டுனது வேற டிரைவரு.”

மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் பழம் நசுங்கியது. எஞ்சின் நிற்கவில்லை. அண்ணன் தலையை வெளியே நீட்டிக் கத்தினான்: “ஏட்டி, சாப்பாட்டுத் தூக்குச்சட்டிய மறந்துட்டேன், எடுத்துட்டு வா!”

ஓடிப்போய்க் கொடுத்தேன். தாடையைத்தான் பார்த்தேன். அசையாமல் இருந்தது.

“நாளைக்குப் பழம் வேண்டாம்லா?” என்று கேட்டாள் அம்மா.

“வைம்மா,” என்று சொல்லிவிட்டு கியரை மாற்றினான்.