கறுப்பு என்று வந்த மடல்

டிசைன் அக்கா கொடுத்த கட்டத்தாளை ஸ்கேன் செய்து எடுத்தபோது கண்ணாடியெல்லாம் பென்சில் கரி. புடவையின் உடல் முழுவதையும் அழுத்தி அழுத்திக் கறுப்பாக்கியிருந்தார். கரையில் மட்டும் அரக்குச் சிவப்பு. நான் எரிச்சலோடு துடைத்துக்கொண்டிருந்தேன். "மெதுவா திட்டுபா, முதலாளி காதுல விழப்போவுது" என்றார். நான் வாயே திறக்கவில்லை. முகத்தைப் பார்த்தே பதில் சொல்லிவிடுகிற ஆள் அவர்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். காஞ்சிபுரத்தில் வெளிநாட்டுக்குப் பட்டு அனுப்பும் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களையும் மின்னஞ்சலையும் பார்த்துக்கொண்டேன். தினமும் வாலாஜாபாத்திலிருந்து பஸ். அக்கா புடவை வடிவங்களை வரையும் பிரிவின் பொறுப்பாளர். முதலாளி கல்யாணப் புடவையிலேயே வளர்ந்தவர். கறுப்புப் பாவு அவர் தறியில் ஏறாது. வெளிநாட்டுக்காரர்களோ விடாமல் கறுப்புக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் அப்படி வந்த மடலை அச்செடுத்துக் கொடுத்தபோது வெடித்துவிட்டார். "இந்தக் கருமம் இனிமே என் கண்ணுலயே படக்கூடாது." சரி என்று தலையாட்டிவிட்டு என் இடத்துக்கு வந்து ஒரு விதி எழுதினேன்.

அப்போதுதான் மடல்களை வடிகட்டுவதற்கென்றே ஒரு பொதுமொழி வந்திருந்தது. பெயர் சீவ், சல்லடை என்று பொருள். 'தலைப்பில் இந்தச் சொல் இருந்தால் இப்படிச் செய்' என்று சில வரிகள், அவ்வளவுதான். தரத்துக்கு உட்பட்ட எந்த சர்வரில் கொண்டுபோய் வைத்தாலும் அதே கோப்பு அதே வேலையைச் செய்யும். அதில் எனக்குத் தாங்க முடியாத பெருமை. இன்னொன்றும் உண்டு. ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றிவரச் சொல்லும் கட்டளையே அந்த மொழியில் கிடையாது. சர்வர் எங்கும் மாட்டிக்கொண்டு தவிக்கக் கூடாதென்று வேண்டுமென்றே சேர்க்காமல் விட்டிருந்தார்கள். என் புத்தியை அப்படி யாரும் வடிவமைக்கவில்லை. இத்தனை வருடம் கழித்தும் இதையே சுற்றிச் சுற்றி வருகிறது.

மடலைத் தனிக் கோப்புறையில் போடவும் கட்டளை உண்டு. இருந்த இடம் தெரியாமல் எறிந்துவிடவும் உண்டு. எறிந்தால் அனுப்பியவருக்கும் தகவல் போகாது. தலைப்பில் 'பிளாக்' என்று இருந்தால் எறி என்று எழுதினேன். முதலாளியின் கண்ணில் படக்கூடாதே! நாலே வரி. எழுதியதை மறந்தும் போனேன்.

அதற்குச் சில மாதம் கழித்துத்தான் அந்தக் கட்டத்தாள். வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்று கண்காட்சிக்குப் புது வடிவங்கள் கேட்டிருந்தது. தேர்வாகிறவர்களை அங்கேயே ஆறு மாதம் தங்கி வரைய அழைப்பார்கள். அக்காவுக்குத் தனி மின்னஞ்சல் இல்லை. அலுவலக முகவரியிலிருந்து நான்தான் அனுப்பினேன். ஆங்கிலக் கடிதமும் என்னுடையது, தலைப்பும் என்னுடையது: 'பிளாக் சில்க் சாரி'. பதில் எழுதுகிறவர்கள் வந்த தலைப்பை அப்படியே வைத்துத்தானே எழுதுவார்கள். அது அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.

அக்கா தினமும் இரண்டு முறை வந்து நிற்பார். "இன்னாபா, ஏதாவது வந்துக்குதா?" "வரலக்கா." பொய்யில்லை, என் கண்ணுக்கு எதுவும் வரவில்லை. இரண்டு மாதத்தில் இரண்டு முறை ஒரு முறையானது, பிறகு வருவதே நின்றது. "புடிச்சிருக்காதுபா, வுடு" என்று அவரே எனக்குச் சமாதானம் சொன்னார். கறுப்புப் பென்சிலை எடுத்து வைத்துவிட்டு மறுபடி மயிலும் கிளியும் வரைய உட்கார்ந்தார்.

அடுத்த வருடம் சர்வர் மாற்றினோம். விதிக் கோப்பைப் புது இடத்தில் வைத்தேன், ஓர் எழுத்து மாற்றாமல் ஓடியது. சந்தோஷத்தில் கோப்பை ஒருமுறை படித்தேன். அந்த நாலு வரியில் கண் நின்றது. பழைய சர்வரின் பதிவேட்டைத் தேடினேன். எறியப்பட்டவற்றின் நடுவே அருங்காட்சியகத்தின் முகவரி. ஒரு முறை அல்ல, மூன்று முறை. நேரம் இருந்தது, முகவரி இருந்தது. எழுதியது என்னவென்று மட்டும் எங்கும் இல்லை.

மூன்று வாரம் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. இரண்டு நாள் வாலாஜாபாத்தில் இறங்க மறந்து அடுத்த ஊருக்குப் போய்த் திரும்பினேன். கடைசியில் ஒரு மதியம் டிசைன் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அக்கா கத்தவில்லை. "இன்னான்னு எழுதியிருந்தாங்கபா?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். அன்றே அருங்காட்சியகத்துக்கு எழுதினேன். தேர்வு செய்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார், பழைய கடிதங்கள் தங்களிடம் இல்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. அதையும் அக்காவிடம் படித்துக் காட்டினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன்.

மறு வாரம் அக்கா என் மேஜைக்கு வந்தார். வரைந்த கிளியை நாலு முறை அழித்துவிட்டதாகச் சொன்னார். கண்கள் சிவந்திருந்தன.

"மூணு தபா எழுதிக்கிறாங்களேபா, வேணாம்னு சொல்றதுக்கு யாராவது மூணு தபா எழுதுவாங்களா?" என்றார். அவரே தொடர்ந்தார். "நீ சொல்லாமயே இருந்திருக்கலாம். புடிக்கலன்னு நெனச்சிக்கினு நான் நிம்மதியா இருந்தேன்."