ஓனர் பேர் தெரியாத ரெண்டு சென்ட்

போன வாரம் ஆதார் அட்டையை நகலெடுக்க ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றேன். மெஷினிலிருந்து வந்த தாளைக் கையில் வாங்கினால், இப்போதுதான் கல்லில் இருந்து எடுத்த தோசை மாதிரி சூடு. அந்தச் சூட்டோடு மை வாசனை ஒன்று வரும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். கடைக்காரர் "சில்லறை இருக்காண்ணே" என்று ரெண்டு தடவை கேட்ட பிறகுதான் எனக்குக் காதில் விழுந்தது. நான் அந்த நேரத்தில் அங்கே இல்லை.

பன்னெண்டு பதிமூணு வருஷம் இருக்கும். இதே வாசனையோடு இருநூறு நோட்டீஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இதே மாதிரி ஒரு கடையிலிருந்து வெளியே வந்தேன். 'வீடு, மனை, தோட்டம் வாங்க, விற்க அணுகவும்', கீழே என் செல் நம்பர். அதுவரைக்கும் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றவன் நான். நின்று நின்று கால் நரம்பு சுருண்டுவிட்டது. நூறு சேலையை விரித்துக் காட்டி ஒன்றை விற்கத் தெரிந்தவனுக்கு ஒரு மனையை விற்கத் தெரியாதா என்று ஒரு தெம்பு. மனை விரித்துக் காட்டுகிற சாமான் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது.

என் மனைவி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே மைதாப் பசை காய்ச்சிக் கொடுத்தாள். ஆரப்பாளையத்தில் ஆரம்பித்து ஆனையூர் வரைக்கும் ஒரு கரண்டுக் கம்பம் விடாமல் ஒட்டினேன். மறுநாளே போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. எனக்கு வாயெல்லாம் பல். ஒவ்வொருத்தரும் ரொம்ப மரியாதையாக, என்ன இடம் இருக்கு, எந்தப் பக்கம் இருக்கு என்று விசாரித்துவிட்டுக் கடைசியில், "நானும் புரோக்கர்தாண்ணே" என்பார்கள். முதல் வாரம் முழுக்க மதுரையில் உள்ள புரோக்கர்கள் எல்லாரையும் எனக்கு அறிமுகம் செய்துவைத்ததுதான் அந்த நோட்டீஸ் பண்ணிய ஒரே உபகாரம்.

அதில் ஒருத்தன் மூர்த்தி. என் வயதுதான். பஸ் ஸ்டாண்ட் டீக்கடைதான் அவனுக்கு ஆபீஸ். எல்லாரையும் மாப்ள என்பான், டீக்கடைக்காரரின் மாமனாரைக்கூட. அவன் தயவில்தான் எனக்கு இடங்கள் கிடைத்தன. அந்தத் தொழிலில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. இடம் எங்கே என்று வாயால் சொல்ல மாட்டார்கள். ஓனர் பேரைச் சொல்லவே மாட்டார்கள். சொன்னால் பார்ட்டி நேராகப் போய் ஓனரைப் பார்த்து முடித்துக்கொண்டு நம்மைக் கழற்றிவிட்டுவிடும். அதனால் மூர்த்தி எனக்குச் சொல்ல மாட்டான், மூர்த்திக்கு இடத்தைக் கொடுத்தவனும் ஓனர் பேரை அவனுக்குச் சொல்லியிருக்க மாட்டான். ஆளை மட்டும் கூட்டிக்கொண்டு போய் இடத்தில் நிறுத்த வேண்டும். அதுவும் நேர் வழியில் போகக் கூடாது. ஒரு தடவை ஒரு பார்ட்டியை அப்படிச் சுற்றிச் சுற்றிக் கூட்டிப்போய், திரும்பும்போது எனக்கே வழி தெரியவில்லை. அவர்தான் சரியாக வழி சொல்லி என்னை மெயின் ரோட்டில் கொண்டுவந்து விட்டார். அந்த இடத்தை ஒரு வாரத்தில் அவரே நேரில் போய் முடித்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

இப்படி ஆறு மாசம். ஒரு யாவாரம் முடியவில்லை. வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை, அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

அப்போதுதான் செல்வராணி அக்கா கூப்பிட்டார். ஆனையூரில் வாடகை வீடு, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டு வாசலில் இருந்த கம்பத்தில் என் நோட்டீஸைப் பார்த்திருக்கிறார். முதல் கேள்வியே, "தம்பி, நீங்க புரோக்கரா, இல்ல புரோக்கருக்குப் புரோக்கரா?" நான் புரோக்கர்தான் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன்.

நேரில் பார்த்தபோது விவரம் சொன்னார். மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். அப்பா அம்மா ரெண்டு பேரும் அடுத்தவர் வயலில் கூலி வேலை. "எங்க அம்மா நடாத வயலு இல்ல தம்பி, நிக்கச் சொந்தமா ஒரு அடி மண்ணு இல்ல" என்றார். சொன்ன குரலில் அழுகை எல்லாம் கிடையாது, நோயாளியின் காய்ச்சலைக் குறித்துக்கொள்கிற மாதிரி சொன்னார். பத்து வருஷ சம்பளத்தில் ஒத்தக்கடைப் பக்கம் ரெண்டு சென்ட் வாங்கிப் போட்டிருந்தார். பத்திரம் அவர் வீட்டுக்காரர் ஆறுமுகம் அண்ணன் பேரில். அது அவர் குடும்பத்தில் முதல் நிலம். அம்மாவையும் கூட வைத்துக்கொண்டு வீடு கட்ட அது பத்தாது, அதனால் அந்தப் பக்கமே இன்னொரு ரெண்டு சென்ட் வேண்டும்.

"உங்க இடம் எங்கக்கா இருக்கு?" என்று கேட்டேன்.

"அது எதுக்குத் தம்பி? சொன்னா அதுக்கு ஒட்டுன மனைக்கு நீங்க வெலைய ஏத்திருவீக. நல்ல எடமா காட்டுங்க போதும், ஒட்டி வருதான்னு நான் பாத்துக்கிறேன். வீட்டுலயும் இன்னும் சொல்லல, அமைஞ்ச பெறகு சொல்லிக்கலாம்."

அவரும் விவரமானவர்தான். நான் நோட்டில் 'செல்வராணி, க/பெ ஆறுமுகம்' என்று எழுதிக்கொண்டேன். என் முதல் உண்மையான பார்ட்டி.

பத்து நாள் கழித்து மூர்த்தி போன் போட்டான். "மாப்ள, ஒத்தக்கடையில ரெண்டு சென்ட். ஓனருக்கு அவசரம். அக்கம்பக்கத்துல ஒரு வார்த்தை விசாரிக்கக் கூடாது. ஞாயித்துக்கிழமை பார்ட்டியக் கூட்டிட்டு வா, நான் எடத்துல நிக்கிறேன்." வரும் வழியையும் அவனே சொன்னான், கண்மாய்க் கரை வழியாகப் பின்பக்கம் வரவேண்டுமாம்.

ஞாயிறு காலையில் நைட் டியூட்டி முடிந்து அப்படியே பஸ் ஏறி வந்துவிட்டார் அக்கா. கையில் டிபன் பாக்ஸ். ஒத்தக்கடை ஸ்டாப்பில் பைக்கில் ஏற்றிக்கொண்டேன். போகிற வழியெல்லாம் நான்தான் பேசினேன். காலேஜ் வருது, நாலு வழிச்சாலை வருது, இன்னும் அஞ்சு வருஷத்தில் இந்த ஏரியா எங்கேயோ போயிரும். கண்மாய்க் கரையை விட்டு இறங்கியதும் பின்னால் ம் போடுவது நின்றுவிட்டது. பிடித்துப்போய்விட்டது, அதனால்தான் பேச்சில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மூர்த்தி இடத்தின் நடுவில் நின்று ஆரம்பித்துவிட்டான். "மண்ணப் பாருங்கக்கா. கிழக்குப் பாத்த வாசல். தண்ணி கைக்கு எட்டுற ஆழத்துல." அக்கா அவனைப் பார்க்கவே இல்லை. மூலையில் ஊன்றியிருந்த எல்லைக் கல்லிடம் போய் உட்கார்ந்தார். மற்ற மனைக் கற்களுக்கெல்லாம் வெள்ளை, இதற்கு மட்டும் நீலம்.

"இது எம் மக சைக்கிளுக்கு அடிச்சதுல மிச்சம் இருந்த பெயிண்ட்டு. நாந்தான் அடிச்சேன்" என்றார்.

மூர்த்திக்குப் புரியவில்லை. "அதுனால என்னக்கா, கல்ல வேணா மாத்திக்கிடலாம்" என்றான்.

எனக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்காரர் ரகசியமாக விலைக்குப் போட்ட இடத்தை, யார் யார் கையிலோ மாறி வந்ததை, நான் கொண்டுவந்து அக்காவிடமே விற்கப் பார்த்திருக்கிறேன். அதுவும் வழியெல்லாம் அந்த மண்ணின் பெருமையை அவருக்கே சொல்லிக்கொண்டு. அவ்வளவு வெட்கம் நான் அதற்கு முன்னாலும் பட்டதில்லை, பின்னாலும் பட்டதில்லை.

அக்கா கல்லில் கையை ஊன்றி எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். "ஓனருக்குச் சொல்லி விடுங்க தம்பி. பார்ட்டிக்குப் பிடிச்சிருச்சாம், இப்பவே பேசணுமாம்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்ல வேணாம்."

மூர்த்தி ஒருத்தனுக்குப் போன் போட்டான், அவன் இன்னொருத்தனுக்கு. காத்திருந்த நேரத்தில் அக்கா டிபன் பாக்ஸைத் திறந்து, "சாப்பிடுங்க, ராத்திரி டியூட்டில எனக்கு எங்க சாப்பிட நேரம்? அப்படியே இருக்கு" என்று ஆளுக்கு ரெண்டு இட்லி மூடியில் வைத்துக் கொடுத்தார். மூர்த்தி நன்றாகச் சாப்பிட்டான். என் ரெண்டையும் அவனிடமே தள்ளிவிட்டேன்.

அரை மணி நேரத்தில் ஆறுமுகம் அண்ணன் வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு, வரும்போதே சிரிப்பு. பக்கத்தில் வந்து அக்காவைப் பார்த்தார். பைக்குக்கு ஸ்டாண்ட் போடக்கூட மறந்து, ரெண்டு காலையும் ஊன்றி அப்படியே நின்றுவிட்டார்.

"வாங்க" என்றார் அக்கா. "எடம் புடிச்சிருக்கு. எப்ப எழுதித் தர்றீக?"

"இல்ல ராணி... வேன் ஒண்ணு வாங்கலாம்னு... கூட்டாளிக சேந்து..."

"வேனப் பத்தி வீட்டுல பேசிக்கலாம். எடத்த எம் பேருக்கு எழுதிருங்க."

அவ்வளவுதான் பேச்சு. சண்டையும் இல்லை, சத்தமும் இல்லை. அவர் பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்து, காலி டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு போனார் அக்கா. அவர்கள் கரை ஏறி மறைந்த பிறகு மூர்த்தி கேட்டான், "மாப்ள, இதுல நமக்கு எந்தப் பக்கம் கமிஷன்?"

மூணாவது வாரம் அக்கா என்னைப் பத்திர ஆபீஸுக்கு வரச் சொன்னார். அண்ணன் அந்த ரெண்டு சென்டை மனைவி பேருக்கு, விலை வாங்காமல் மாற்றித் தருகிற செட்டில்மெண்ட் பத்திரம் எழுதிக் கொடுத்தார், தலையை நிமிர்த்தவே இல்லை. சாட்சிக் கையெழுத்து நான். இந்தத் தொழிலுக்கு வந்து என் பேர் ஏறிய முதல் பத்திரம் அது, அதில் நான் எதையும் விற்கவில்லை. அடுத்த மாசமே அக்கா தன்னோடு வேலை பார்க்கிற ரெண்டு நர்ஸுகளை அனுப்பினார். அவர்கள் சொல்லி இன்னும் நாலு பேர் வந்தார்கள். எல்லாரும் முதலில் சொன்னது ஒன்றுதான், "பத்திரம் எம் பேர்ல இருக்கணும் தம்பி." என் பிழைப்பு இப்படித்தான் ஓட ஆரம்பித்தது.

அந்த டீக்கடை இப்போது இல்லை. மூர்த்தி டாக்சி ஓட்டுகிறான். கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டுகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். இடத்தை மறைத்து வைத்து விற்கிற காலமும் போய்விட்டது. வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்னாலேயே சர்வே நம்பரைப் போனில் தட்டினால் ஓனர் பேர், அவர் அப்பா பேர் எல்லாம் வந்துவிடுகிறது. நல்லதுதான், நானும் அதை வைத்துத்தான் பிழைக்கிறேன்.

ஆனால் அன்றைக்கு அந்த வசதி என் கையில் இருந்திருந்தால், ஆறுமுகம் என்ற பேரை சனிக்கிழமையே பார்த்திருப்பேன். நோட்டை எடுத்து ஒப்பிட்டிருப்பேன். உடனே அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லியிருப்பேன் என்று உங்களிடம் சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. சொல்லியிருக்க மாட்டேன். கைக்குழந்தை, ஆறு மாசமாக ஒரு யாவாரம் இல்லை. அந்த ரெண்டு சென்டை வேறு ஒருத்தருக்குச் சத்தமில்லாமல் முடித்துவிட்டு, அடுத்த ஞாயிறு அக்காவுக்கு வேறு இடம் காட்டக் கூட்டிப் போயிருப்பேன்.