பாடமாக்கிய நான்கு பதில்கள்

அண்ணாவின் மூளையில் இருந்த கட்டியை எடுத்து, கதிர் சிகிச்சையும் முடித்தபின், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்கு வரச் சொன்னார்கள். பேச்சில் தடுமாற்றம் தெரிந்தால் உடனே சொல்லுங்கள், கட்டி திரும்ப வளர்கிறதென்றால் அப்படித்தான் முதலில் தெரியவரும் என்று தமிழ் டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

எனக்கோ அதைவிட வேறு பயம். அது சண்டைக் காலம்; யாழ்ப்பாண அடையாள அட்டையோடு கொழும்பில் வெள்ளவத்தையில் தங்கியிருக்கும் ஒருவர் சோதனைச் சாவடியில் பதில் சொல்லத் தெரியாமல் முழுசிக்கொண்டு நின்றால் ஆமிக்காரர் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அதிலும் தலையில் பெரிய தழும்பு. அதனால் தினமும் காலையில் அண்ணாவைச் சிங்களத்தில் நான்கு பதில்களைப் பாடமாக்க வைத்தேன். பெயர், ஊர், தங்கியிருக்கும் இடம், கொழும்புக்கு வந்த காரணம்.

கொஞ்ச நாளில் தேநீர்க் கோப்பையைக் காட்டி, "அது... அது..." என்று நிற்கத் தொடங்கினார். ஆனால் அந்த நான்கு பதில்களும் தண்ணீர் பட்ட பாடு. எனக்கு அதில் பெருமை வேறு. மடையன்.

அடுத்த கிளினிக்கில் புதிய டொக்டர், சிங்களவர். வரிசை தாழ்வாரம் வரை நீண்டிருந்தது. அவர் அண்ணாவிடம் சிங்களத்தில் பெயரைக் கேட்டார். பிறகு ஊர், எங்கே தங்கியிருக்கிறார், எதற்காக வந்தார் என்று கேட்டார். அண்ணா நிமிர்ந்திருந்து ஒன்றும் விடாமல் ஒப்புவித்தார். டொக்டருக்கு நல்ல திருப்தி. பேச்சு தெளிவாக இருக்கிறது, ஸ்கேன் இப்போது தேவையில்லை, ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்று அண்ணாவின் கிளினிக் கொப்பியில் எழுதினார்.

வீட்டில் இப்படியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கடைக்கும் பஸ்ஸுக்கும் போதுமான என் சிங்களம் அங்கே கைகொடுக்கவில்லை. ஆங்கிலமும் வரவில்லை. "கதை... கஷ்டம்" என்று, அண்ணாவுக்குப் பேச்சு வரவில்லை என்பதைச் சொல்ல ஏதோ உளறினேன். அவர் என் தோளில் தட்டி, பயப்பட வேண்டாம் என்றார். தாதி அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டாள்.

வெளியே வந்ததும் அண்ணா என் கையைப் பிடித்தார்.

"தம்பி... சரியோ? ஆமிக்காரன்... விடுவானோ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அண்ணாவுக்கு அது சோதனைச் சாவடி. கொப்பியோடு திரும்ப ஓடினேன். கதவடியில் நின்ற ஊழியர், பார்த்தாகிவிட்டது, போங்கள் என்று மறித்துவிட்டார். எவ்வளவு கெஞ்சியும் விடவில்லை. அண்ணா நான் விட்டுவிட்டுப் போன இடத்திலேயே, அடையாள அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி நின்றார்.

"ஓம் அண்ணா, விட்டிட்டாங்கள்" என்றேன்.