திருமூர்த்தியின் கையில் லோகப்பிரியாவின் வாட்ச்

லோகப்பிரியாவுக்குப் பயம் வேலையோடு சேர்ந்தே வந்தது. காங்கேயத்திலிருந்து வந்து கோவை சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் சேர்ந்தவள். இணையத்தில் யார் எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள், எதில் தயங்கி நின்றார்கள், எதை வாங்காமல் ஓடினார்கள் என்று கணக்கெடுத்துச் சொல்வது அவள் தொழில். முகம் தெரியாதவர்களின் சங்கதியையெல்லாம் புட்டுப் புட்டு வைப்பாள். தன்னையும் ஒருவர் அப்படிப் பார்த்தால் என்னாகும் என்று அவளுக்குத் தெரியாதா?

பார்க்கத்தான் செய்தார்கள். ஊழியர்களின் ஆரோக்கியத்துக்காக என்று கம்பெனி எல்லோருக்கும் ஒரு வாட்ச் கொடுத்தது. இதயத் துடிப்பு, நடை, தூக்கம் எல்லாம் அதில் பதிவாகி, எங்கிருந்தாலும் உடனுக்குடன் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். கட்டுவதும் கட்டாததும் உங்கள் இஷ்டம் என்றார்கள். அந்த இஷ்டத்துக்கு என்ன அர்த்தம் என்று புரியாதவர் யாரும் அங்கே வேலை பார்க்கவில்லை. அதையெல்லாம் ஒரே பக்கத்தில் காட்டும்படி செய்து கொடுத்தவளே லோகப்பிரியாதான். அதற்குப் பிறகுதான் டீம் லீட் பதவிக்கு அவள் பெயர் அடிபட்டது.

"பொறுப்புக்கு வர்றவங்க நல்லாத் தூங்கணும் லோகா," என்று மேனேஜர் பாலகோபால் சிரித்துக்கொண்டே சொன்னார். அன்றோடு போயிற்று அவள் தூக்கம்.

எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்று பார்த்து வாட்ச் போடும் மதிப்பெண் சரிந்துகொண்டே வந்தது. பயந்துபோனவள் ஒரு காரியம் செய்தாள். படுக்கப் போகும்போது வாட்சைக் கழற்றிப் புருஷன் கையில் கட்டினாள். திருமூர்த்தி போத்தனூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்ப்பவன். தலையணையைக் கண்டால் போதும், குறட்டைதான்.

"ஏன் அம்மணி, தூங்கறதுக்கெல்லாமா மார்க் போடறாங்க?"

"போடறாங்களே. எனக்குப் பதிலா நீங்க நல்லாத் தூங்குங்க, அது போதும்."

"இந்த ஒரு பரீட்சையில நான் பாஸாயிருவேன் கண்ணு," என்று கையை நீட்டினான்.

மதிப்பெண் கிடுகிடுவென்று ஏறியது. காலையில் அந்த ஒரு எண்ணைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டு வாட்சைத் தன் கைக்கு மாற்றிக்கொள்வாள். மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள், உள்ளே போய்ப் பாருங்கள் என்று புதிதாக வருபவர்களுக்கு வாய் வலிக்கச் சொல்லிக் கொடுப்பவள், இதில் உள்ளே போகவே இல்லை. திருமூர்த்தி காலையில் அசந்துபோய் எழுந்ததைக்கூட, "தூங்கித் தூங்கியே சோம்பேறி ஆயிட்டீங்க" என்று கேலிதான் செய்தாள்.

டீம் லீட் பதவிக்கான இன்டர்வியூ அன்று காலையிலேயே கம்பெனி டாக்டர் ஹரிதா அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பயப்படாதீங்க லோகப்பிரியா. ராத்திரியில உங்க இதயத் துடிப்பு தாறுமாறா ஓடுது. மூச்சும் நின்னு நின்னு வர்ற மாதிரி இருக்கு. இந்த வாரம் ரொம்ப மோசம். வாட்ச் சொல்றதை அப்படியே நம்ப முடியாதுதான். ஆனா இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க."

அப்பாடா, எனக்கில்லை என்றுதான் முதலில் தோன்றியது. நிம்மதியாக மூச்சுகூட விட்டாள். அடுத்த நொடி, அது யாருடைய இதயம் என்பது உறைத்தது.

ஓடி வந்து போன் செய்தாள். அவன் எடுக்கவில்லை. காலை அவசரத்தில் வாட்சை அவன் கையிலிருந்து கழற்ற மறந்தது ஞாபகம் வந்தது. தன் இடத்தில் உட்கார்ந்து, வாட்ச் பதிவுகளைக் காட்டும் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். லோகப்பிரியா என்ற பெயருக்கு நேரே துடிப்பின் கோடு ஓடிக்கொண்டிருந்தது. மறுபடியும் போன் செய்தாள், மணிதான் அடித்தது. பட்டறைச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும்போதே கோடு நின்றுவிட்டது.

தகவல் வரவில்லை என்பதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அவள் தொழிலில் அது அரிச்சுவடி. அந்த நேரத்தில் அரிச்சுவடி எதற்கு உதவும்? மாசாணியம்மா, மாசாணியம்மா என்று வாய் தானாக முணுமுணுத்தது.

இன்டர்வியூவுக்குக் கூப்பிட வந்த பாலகோபால் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார். "என்ன லோகா, ஆள் இங்க உக்காந்திருக்கீங்க, அங்க உங்க ஹார்ட் நின்னு போச்சு?" என்று சிரித்தார்.

வாட்சை வீட்டில் வைத்துவிட்டு வந்தேன் என்று ஒரு பொய் சொன்னால் போதும், பதவி கைக்கு வந்துவிடும். ஆனால் டாக்டரிடம் இருக்கும் பதிவு திருமூர்த்திக்கு வேண்டுமே.

"அது என்ற ஹார்ட் இல்லைங்க சார். எங்க ஊட்டுக்காரருதுங்க. தூக்கத்துக்கு மார்க் வேணும்னு தினமும் அவரு கையிலதான் கட்டி விட்டேன். அந்தப் பதிவெல்லாம் குடுங்க சார், ஆஸ்பத்திரியில காட்டோணும்," என்றவள் அழுதுவிட்டாள். "அவரு போனை எடுக்க மாட்டேங்கறாருங்க."

பாலகோபாலின் சிரிப்பு நின்றது. அப்போது போன் அடித்தது.

"ஏன் அம்மணி, இத்தனை தடவை கூப்பிட்டிருக்கற? வாட்சு மிசின்ல மாட்டிக்கும்னு இப்பத்தான் கழட்டி வெச்சேன்."

"கட்டுங்க," என்றாள்.

"பகல்ல கட்டப்படாதுன்னு நீதான சொன்ன? ஆபீசுல கண்டுபுடிச்சுப்போடுவாங்கன்னு..."

"கட்டுங்க. மிசினை நிறுத்திப்போட்டு ஒரு எடத்துல உக்காருங்க. நான் வாரேன்."

"இன்டர்வியூ என்னாச்சு கண்ணு?"

அவள் பெயருக்கு நேரே கோடு மறுபடியும் ஓடத் தொடங்கியிருந்தது. ஒரு துடிப்பு நெருங்கி வந்தது, அடுத்தது தயங்கியது. முதல் முறையாக அதை உற்றுப் பார்த்தாள். பாலகோபால் ஏதோ கேட்டார். காதில் விழவில்லை. "போனை வைக்காதீங்க, பேசிட்டே இருங்க," என்று அவனிடம் சொல்லியபடியே படியிறங்கி ஓடினாள்.