ஏழாம் குழிப் பள்ளம்

நேற்று டிவியில் கோட்டுப் போட்ட நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கோ வெளிநாட்டில் பெரிய போட்டிகள் நடக்கிற பழைய கோல்ஃப் மைதானமாம். மரங்களை வெட்டி, மணல்குழிகளை இடம் மாற்றிவிட்டார்களாம். அதனால் மைதானத்தின் குணம் கெட்டதா இல்லையா என்று பேச்சு. ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே கேள்விக்காக எங்கள் மலையில் ஒருவருக்குக் கண் போயிற்று. என் மூக்கும் கொஞ்சம் போயிற்று, அதற்கு வருகிறேன்.

போடிமெட்டுக்கு மேலே கோல்ஃபா என்பீர்கள். இருந்தது. ஏலத்தோட்டங்களுக்கு நடுவே ஒரு புல்மேட்டில் துரைமார் ஒன்பது குழி வெட்டி வைத்திருந்தார்கள். தோட்டத்து ஆட்கள் குழிப்பந்து என்பார்கள். ஐம்பதுகளில் துரைமார் தோட்டங்களை விற்றுவிட்டுக் கப்பலேற, மைதானமும் கிளப்பும் மலையடியில் உள்ள போடிக்காரர்கள் கைக்கு வந்தன. சிலமலைக் கிராமத்துக்காரனான நான் அங்கே காரியதரிசி. முதன்முதலாக நான் மட்டையைத் தூக்கியதைப் பார்த்த ஒருவர், "தம்பி, அது மம்பட்டி இல்லப்பா" என்றார்.

அந்த மைதானத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஏழாம் குழிதான். அடிக்கிற இடத்துக்கும் குழிக்கும் நடுவே ஆளை விழுங்குகிற பள்ளம், அடியில் ஓடை, எதிர்க்கரையில் யானை படுத்த மாதிரி ஒரு பாறை. பந்து பறந்து தாண்ட வேண்டும். பெரும்பாலும் தாண்டாது. பாறையில் பட்டு ஓடைக்குப் போய்விடும். மட்டையை முழங்காலில் வைத்து முறித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கீழே ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரிலிருந்து சூடான வாசனை அந்தக் கரையில் ஏறிவரும். இன்றைக்கும் பாயசத்தில் ஏலக்காய் தூக்கலாக இருந்தால் எனக்குப் பசி அடங்கிவிடுகிறது.

வீரணன் ஒருவர்தான் அந்தப் பள்ளத்தைச் சொல்லிவைத்துத் தாண்டுவார். ராசிங்காபுரத்து விவசாயக் குடும்பம், வீடு போடியில். தோளும் கையும் அப்படி. மற்ற மலைக் கிளப்புக்காரர்களும் வந்து ஆடுகிற தைமாதக் கோப்பை வருஷாவருஷம் அவருக்குத்தான். கிளப்பின் தலைவர் தவசி, வீரணனின் அக்கா பேச்சியம்மாளின் புருஷன். இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துத் தோட்டம். ஒரே ஜீப்பில் வந்து ஒரே ஜீப்பில் போவார்கள்.

அந்த வருஷம் மற்ற மலைக் கிளப்புக்காரர்கள் வந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: பள்ளத்தை நிரவுங்கள், இல்லாவிட்டால் போட்டியை வேறு மலைக்கு மாற்றுகிறோம். தவசி கூட்டம் போட்டார். பாறைக்கு வேட்டு வைத்து அந்தக் கல்லைக்கொண்டே பள்ளத்தை நிரப்புவது என்று முடிவாயிற்று.

வீரணன் எழுந்தார். "பள்ளத்த எடுத்துட்டா இது மாடு மேய்க்கிற எடம் மச்சான்."

"உனக்கு மட்டுந்தான தாண்டுது? அதான் வலிக்குது."

அந்த ஒரு வார்த்தைதான். வீரணன் நாற்காலியைத் தூக்கிச் சுவரில் அடித்துவிட்டு வெளியே போனார்.

வேட்டு வைக்கிற அன்று காலையில் பாறைமேல் ஏறி நின்றுகொண்டார். கையில் மட்டை. வேட்டுக்காரன் மருந்தோடு ஒதுங்கி நின்றான்.

"எறங்கு மாப்ளே. சோலியக் கெடுக்காத" என்று கீழிருந்து தவசி கத்தினார்.

"என்னையும் சேத்து வையி."

தவசி ஏறிப் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தார். வீரணன் மட்டையை வீசினார். தோள்பட்டையில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. இருவரும் கட்டிப்பிடித்தபடி சரிவில் உருண்டார்கள். நான் பெரிய மனுஷன் மாதிரி நடுவில் பாய்ந்தேன். யாருடைய முழங்கை என்று இன்றுவரை தெரியாது, மூக்கு உள்ளே போய்விட்டது. நான் தரையிலிருந்து நிமிர்வதற்குள் மட்டை தவசி கைக்கு மாறியிருந்தது. கண்ணைப் பார்த்து அடித்தார் என்று சொல்லமாட்டேன். அடித்தார். வீரணன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு மண்டியிட்டார். விரல்களுக்கு நடுவே வந்தது ரத்தம் மட்டுமல்ல.

சத்தம் கேட்டுப் பேச்சியம்மாள் தோட்டத்துப் பங்களாவிலிருந்து ஓடிவந்தார். தம்பியைப் பார்த்தார், புருஷன் கையில் இருந்த மட்டையைப் பார்த்தார். அழவில்லை. முந்தானையைக் கிழித்து முகத்தில் கட்டி, "வெரசா ஜீப்ப கொண்டா" என்று டிரைவரிடம் கத்தினார். மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்த என்னையும் பின்னால் ஏற்றினார்கள்.

மூன்றாவது வளைவு திரும்பும்போது மேலே மலை அதிர்ந்தது. கூடவே கல் உருளும் சத்தம். வீரணனின் தலையை மடியில் வைத்திருந்த பேச்சியம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை.

"வச்சுட்டாரு" என்றார்.

மதுரைக்குக் கொண்டுபோனோம். கண்ணை எடுத்துவிட்டார்கள். டாக்டர் கேட்டபோது, "பாறையில விழுந்துட்டேன்" என்று வீரணன் சொன்னார். பேச்சியம்மாள் மலைக்குத் திரும்பவில்லை. போடியில் தம்பி வீட்டிலேயே இருந்துவிட்டார்.

பள்ளம் போனதும் மைதானம் செத்துவிட்டது என்று சொல்லத்தான் ஆசை. அப்படி நடக்கவில்லை. தை மாதம் முன்னைவிட அதிகக் கூட்டம். எத்தனையோ பந்துகளை ஓடைக்குக் கொடுத்த நானே அலுங்காமல் தாண்டினேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இடத்தில் யாரும் நிற்கவில்லை. முன்பெல்லாம் ஆடி முடித்தவர்கள்கூட அடுத்தவன் அடிப்பதைப் பார்க்கக் கரையில் கூடுவார்கள், கத்துவார்கள். இப்போது அடித்தார்கள், போனார்கள். தவசி தன் பந்து நேராகப் போய் விழுவதைப் பார்த்தார். மட்டையைப் புல்லில் போட்டுவிட்டு ஆட்டத்தை முடிக்காமல் ஜீப்பில் ஏறினார். எனக்கு என்னவோ பட்டது, நானும் தொற்றிக்கொண்டேன்.

நேரே போடி. வீரணன் வீட்டு வாசலில் இறங்கி, "மாப்ளே" என்று கூப்பிட்டார். வெளியே வந்த வீரணன் ஒற்றைக் கண்ணால் ஒரு கணம் பார்த்தார். பிறகு நடுத்தெருவில் வைத்து அடித்தார். கையால், காலால், கதவோரம் கிடந்த விறகால். தவசி கையைக்கூடத் தூக்கவில்லை. உதடு கிழிந்து இரண்டு பல் மண்ணில் விழுந்தன. தெருவே நின்று பார்த்தது. விலக்க ஒருவரும் வரவில்லை. போன தடவை பட்டது போதும் என்று நானும் ஜீப்பை விட்டு இறங்கவில்லை.

மூச்சு வாங்க வீரணன் விறகைப் போட்டபோது பேச்சியம்மாள் வாசலுக்கு வந்தார்.

"முடிஞ்சுதா? ரெண்டு பேரும் மூஞ்சியக் கழுவிட்டு உள்ள வாங்க."

வந்தார்கள். சாப்பிட்டார்கள். அதற்கப்புறம் இருவருமே மட்டையைத் தொடவில்லை. அவர்கள் போகாத கிளப்புக்கு மற்றவர்களும் மெல்லக் குறைந்தார்கள். கோப்பை கடைசியில் வேறு மலைக்கே போயிற்று.

போன வருஷம் மேலே போனேன். புல்மேடு முழுக்க ஏலம், மேலே நிழல்மரம். ஒன்பது குழியில் ஒன்றுகூடத் தெரியவில்லை. களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், "இங்க பெரிய பள்ளம் ஒண்ணு இருந்துச்சே, தெரியுமா ஆத்தா?" என்று கேட்டேன். அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு, "பள்ளமா? இது ஆதிலருந்தே சமமாத்தான் கெடக்கு" என்றாள்.