முத்தையா அண்ணாச்சிக்குத் தெளிவு திரும்பியபோது

சங்கரன்கோவில் கோர்ட்டில் ஒரு வழக்குக்கு வாய்தா வாங்கிவிட்டு வெளியே வந்தேன். அண்ணாச்சி வீட்டு மதினி போனில் அழைத்தார். "அண்ணன் போயிட்டாவ தம்பி. வலியில்லாமத்தான் போனாவ."

வக்கீல் முத்தையா அண்ணாச்சியை அறிந்தவர்களே, அந்த இரண்டாவது வாக்கியத்துக்காக அவரும் மதினியும் பட்டபாட்டை, அவருடைய ஜூனியரான நான் அருகிலிருந்து பார்த்தேன்.

புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. வலிக்கு மார்ஃபின் மாத்திரை எழுதிய திருநெல்வேலி டாக்டரம்மாவை அண்ணாச்சி குறுக்கு விசாரணையே செய்தார். "வலி போகட்டும். கூடவே என் புத்தியும் போயிரக் கூடாதுல்லா?" வலி மாத்திரைக்குக் கேட்டது. நடுவில் கோர்ட்டுக்கு வந்து ஒரு ஜாமீன் மனுவுக்கு வாதாடவும் செய்தார். ஆனால் வலி ஏற ஏற, மருந்தின் அளவும் ஏறியது.

பிறகு கைகால்கள் வெட்டி இழுத்தன. சுவரைப் பார்த்து வாதாடினார். வலியும் அடங்கவில்லை. ஒரு மதியம் மதினி நீட்டிய மாத்திரையைத் தட்டிவிட்டு என்னிடம், "ஏலே, இவ எனக்கு வெஷம் வைக்கா. எழுதிக்கிடு" என்றார். மதினி குனிந்து மாத்திரையைப் பொறுக்கினார்.

நோய் மூளைக்கு ஏறிவிட்டது என்று நினைத்தோம். பனவடலிசத்திரத்து உறவினர்கள் வந்து இறங்கினார்கள். "இனி மாத்திரை எதுக்கு? நிறுத்திருவோம்" என்றார் அண்ணாச்சியின் தம்பி.

"வலியில துடிக்க விடச் சொல்லுதியளா? டாக்டரம்மாட்ட கேக்காம நிறுத்த மாட்டேன்" என்று மதினி திருநெல்வேலிக்குக் கார் பிடித்தார்.

பரிசோதித்த டாக்டரம்மா சொன்னார்: "நோய் மூளைக்குப் போகல. கிட்னி தளர்ந்ததால மார்ஃபின் வெளியேறாம உடம்புல தேங்குது. வேற மருந்துக்கு மாத்துவோம்."

ஆஸ்பத்திரியில் சேர்த்து, தோல் வழியாக வலி மருந்து இறங்கும் ஃபென்டனில் பட்டையை நெஞ்சில் ஒட்டினார்கள். புது மருந்தை முழு அளவில் தொடங்க முடியாதாம். குறைவாகத் தொடங்கி, பார்த்துப் பார்த்துத்தான் ஏற்றுவார்களாம். அதுவரை அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

ஒரு காலையில் கண் விழித்து, சுற்றி நின்ற உறவினர்களைப் பார்த்தார். "எதுக்கு எல்லாரும் திரண்டு வந்திருக்கிய? ஏதும் கல்யாணமா?" மதினி சிரித்துக்கொண்டே அழுதார்.

அதன்பின் அவர் சில மாதங்கள் இருந்தார். வலி முழுதாக விடவில்லை. ஆனால் பேப்பர் படிக்கவும் என்னோடு சண்டை போடவும் விட்டது.

வீடு திரும்பிய வாரம், "நான் என்னென்னலே பேசினேன்?" என்று என்னிடம் கேட்டார். நான் மதினியைப் பார்த்தேன்.

"கோர்ட்டுல பேசுத மாதிரிதான் பேசுனிய. பேசினது மருந்து. விடுங்க" என்றார் மதினி.

அண்ணாச்சி என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "பேச்சி, என்ன சொல்லியிருந்தாலும் அதை நான் வாபஸ் வாங்குதேன்."

அவருடைய வாதங்களை ஒவ்வொன்றாக நான் மறந்துபோவேன். என்ன சொன்னோம் என்றே தெரியாமல் அதற்காக இறங்கி வந்த அந்தக் குரலை மட்டும் என்னோடு வைத்துக்கொள்கிறேன்.