பதினொரு தேங்காயும் எதிர் பில்டிங் தண்டபாணியும்

இன்று மத்தியானம் துவாரகாவில் எங்கள் ஃபிளாட்டின் பால்கனியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். பத்து நாள் மூடுபனிக்குப் பிறகு வந்த வெயில். அதை விட்டு உள்ளே போக எனக்கென்ன பைத்தியமா? மடியில் கிடந்த போன்தான் சும்மா இருக்கவில்லை. எங்கள் சொசைட்டி வாட்ஸப் குழுவில் பாதிப் பேர் கால்பந்துப் பித்துப் பிடித்தவர்கள். எங்கோ கடல் கடந்து ஆடுகிற ஒரு கிளப்பை ‘நம்ம டீம்’ என்பார்கள். அந்த டீமோடு அடுத்த வாரம் மோத வேண்டிய இன்னொரு டீமின் பெரிய ஆட்டக்காரனுக்கு முழங்கால் போய்விட்டதாம். அவனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போகிற படம். அதற்குக் கீழே வரிசையாக லட்டு, பட்டாசு, ஆடுகிற பொம்மை. நாலாவது மாடிக்காரர், எறும்பைக்கூட மிதிக்காமல் ஒதுங்கிப் போகிற மனிதர், “பகவான் நே சுன் லீ” என்று போட்டிருந்தார். கடவுள் கேட்டுவிட்டாராம்.

போனைக் கவிழ்த்து வைத்தேன். விரலெல்லாம் ஆரஞ்சுத் தோல் வாசனை. அந்த வாசனையும் அந்த வார்த்தையும் சேர்ந்து வந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. எழுந்து பால்கனிக்கும் சமையலறைக்குமாக நாலு நடை நடந்தேன். காரணத்தை வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள். உங்களிடம் சொல்கிறேன், நீங்கள் சிரித்தாலும் எனக்குத் தெரியப் போவதில்லை.

எழுபதுகளில் நான் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அண்ணன் குடும்பத்தோடு சரோஜினி நகரில் குவார்ட்டர்ஸ் வாசம். காலையில் பஸ், மாலையில் பஸ், நடுவில் தட்டச்சு. குளிர்காலம் வந்தால் சாப்பாட்டு இடைவேளைக்கு மொத்த அலுவலகமும் வெளியே புல்தரைக்கு வந்துவிடும். ஆண்கள் சீட்டு ஆடுவார்கள், பெண்கள் ஸ்வெட்டர் பின்னுவார்கள். எல்லோருமே வேர்க்கடலை உடைப்பார்கள், ஆரஞ்சு உரிப்பார்கள். எனக்குப் பின்னல் சொல்லிக் கொடுத்தவள் பக்கத்து நாற்காலி கம்லேஷ், பஞ்சாபிக்காரி. நான் இரண்டு குளிர்காலம் பின்னிய ஸ்வெட்டரில் இடது கை வலது கையைவிட நாலு விரல் நீளமாக வந்தது. அண்ணன் பெருந்தன்மையாக அதைப் போட்டுக்கொண்டு பால் வாங்க மட்டும் போய் வந்தார்.

எங்கள் கட்டடத்துக்கு நேர் எதிரே சாலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு அலுவலகம். பெயரெல்லாம் யாரும் சொல்வதில்லை, ‘எதிர் பில்டிங்’ என்றால் போதும். வருஷா வருஷம் ஜனவரியில் இரண்டு கட்டடத்துக்கும் ஒரு கால்பந்தாட்டம் உண்டு. ஜெயித்தவர்களுக்கு ஒரு ஷீல்டு. அது பெரிய விஷயமில்லை. தோற்ற கட்டடத்துக்காரர்கள் சமோசாத் தட்டைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து போய் ஜெயித்தவர்களுக்குக் கையால் பரிமாற வேண்டும். அதுதான் வழக்கம், அதுதான் விஷயம். நான்கு வருஷமாகத் தட்டுத் தூக்கியவர்கள் நாங்கள்தான்.

காரணம் தண்டபாணி. எதிர் பில்டிங்கின் சென்டர் ஹாஃப். கோயமுத்தூர்ப் பக்கத்து ஆள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வந்தவர், இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. சரோஜினி நகரில் அக்கா வீட்டில் இருந்தார். காலையில் என் பஸ்ஸில்தான் வருவார். இடம் கிடைத்தால் எழுந்து எனக்குக் கொடுப்பார். மைதானத்தில் மட்டும் வேறு ஆள். பந்து அவர் காலுக்கு வந்தால் ஒரு கணம் நிற்கும், அவர் எங்கோ பார்ப்பார், பந்து வேறெங்கோ போகும், அங்கே அவர்கள் ஆள் ஒருவன் தயாராக நின்றுகொண்டிருப்பான். அவரில்லாவிட்டால் மற்ற பத்துப் பேரும் ரேஷன் க்யூவில் நிற்கிற மாதிரிதான் நிற்பார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், புதிய ஆள் என்று என் தலையில் தட்டைக் கட்டினார்கள். மூன்று கோல் வாங்கியிருந்தோம். எதிர் பில்டிங் கேன்டீனில் ஒவ்வொருவர் முன்னாலும் தட்டை நீட்டிக்கொண்டே போனேன். தண்டபாணி ஒரு சமோசா எடுத்துக் கடித்தார். எல்லோரும் பார்க்க, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

“உப்பு கொஞ்சம் கம்மிங்க.”

கேன்டீனே சிரித்தது. எனக்குக் காது வரை சுட்டது. ஒரு வருஷம் முழுக்க அந்தச் சிரிப்பு ஆறவேயில்லை. பஸ்ஸில் அவர் கொடுத்த இடத்தில் உட்கார்ந்துகொண்டே அவரைச் சபித்திருக்கிறேன்.

அடுத்த ஜனவரி வந்தது. ஆட்டத்துக்கு முதல் நாள் காலை காலனிப் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். கண்ணை மூடிக்கொண்டு, “நாளைக்குத் தண்டபாணி ஆடக் கூடாது. ஆடாமல் பண்ணிவிட்டால் பதினொரு சிதறு தேங்காய் உடைக்கிறேன்” என்று வேண்டிக்கொண்டேன். நான் நினைத்தது ஒரு ஜலதோஷம். அதிகம் போனால் ஒரு வயிற்றுப்போக்கு. ஆனால் அதைச் சொல்லவில்லை பாருங்கள். டைப் அடிக்கும்போது ஒரு கமா விட்டுப்போனால் பதறுகிற நான், பிள்ளையாரிடம் விவரம் சொல்லாமல் வந்துவிட்டேன்.

மறுநாள் தண்டபாணி ஜம்மென்று வந்து நின்றார். பிள்ளையார் மேல் எனக்குக் கோபமான கோபம். கம்லேஷும் நானும் மைதானத்துக் கோட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். ஒரு பந்துக்கு அவரும் எங்கள் ஃபுல் பேக்கும் ஒரே சமயத்தில் கால் வைத்தார்கள். தப்பு யார் மேலும் இல்லை. ஒரு சத்தம் கேட்டது, காய்ந்த குச்சியை முறிக்கிற சத்தம். தண்டபாணி எழுந்திருக்கவில்லை.

எங்கள் பக்கம் மொத்தமும் எழுந்தது. சீழ்க்கை, கூச்சல். கம்லேஷ் என் தோளைப் பிடித்து உலுக்கி, “அரே, பகவான் நே சுன் லீ!” என்றாள். நானும் எழுந்து நின்றேன். கை தட்டினேன். பின்னல் ஊசி எங்கே விழுந்தது என்றுகூடப் பார்க்கவில்லை, அப்படித் தட்டினேன்.

நாலு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கமாகத்தான் வந்தார்கள். முகம் வெளிறி, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கும்பலில் என்னைப் பார்த்ததும் தூக்குகிறவர்களை நிறுத்தச் சொன்னார்.

“ஏனுங்க, அக்காகிட்ட ஒண்ணுஞ் சொல்லிப்போடாதீங்க. பயந்துக்கும். நானே போயி சொல்லிக்கறேன்.”

தட்டிய கை தட்டியபடியே நெஞ்சுக்கு முன்னால் இருந்தது. அதை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். எதிர் பில்டிங்காரர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் சாப்பிடவில்லை என்று சொல்ல ஆசைதான். இரண்டு சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது.

மறுநாள் பஸ்ஸில் எனக்கு இடம் கொடுக்க ஆளில்லை. அதற்கப்புறம்தான் தொடங்கியது. கணுக்காலுக்கு மேலே இரண்டு இடத்தில் எலும்பு முறிவு என்றார்கள். மூன்று மாதம் மாவுக்கட்டு. இனி ஆட முடியாவிட்டால் வேலையை நிரந்தரமாக்க மாட்டார்கள் என்று ஒரு பேச்சு. எனக்கு டைப்ரைட்டர் முன்னால் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பேன், ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்ப்பேன், மறுபடி தண்ணீர் குடிப்பேன். வீட்டில் அண்ணன் மனைவி, மதினி என்றுதான் கூப்பிடுவேன், அரிவாள்மணையில் காய் நறுக்கிக்கொண்டே சத்தம் போட்டாள்.

“என்னட்டி, கால்ல சக்கரமா கட்டிருக்கு? ஒரு எடத்துல இரியேன்.”

எப்படி இருப்பது? தேங்காயை உடைத்தால், காலை உடைத்ததற்குப் பிள்ளையாருக்கு நன்றி சொன்னதாகிறது. உடைக்காவிட்டால் சாமியை ஏமாற்றியதாகிறது. அந்த வயதில் இரண்டில் எது பெரிய பாவம் என்று எனக்குத் தெரியவில்லை. இந்த வயதிலும் தெரியவில்லை.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு எங்கள் செக்‌ஷன் ஆபீசர் நாகராஜன் சாரிடம் போய் நின்றேன். தஞ்சாவூர்க்காரர். கால்பந்து என்றால் ஃபைலை மூடிவிடுவார்.

“சார், வேண்டுதல் பலிச்சிட்டா, செலுத்தாம விட்டுரலாமா சார்?”

கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நீயுமா? நான் நூத்தியெட்டு பிரதட்சிணம்னு வேண்டிண்டேன். அதே பிள்ளையார்தான். ஒரு வாரமா எனக்கு ஃபைல்ல மனசு நிக்கலை.”

எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. பழியில் பாதி குறைந்தது போலிருந்தது. அப்புறம் யோசித்தால் கணக்கு சரியாக வரவில்லை. இரண்டு பேர் வேண்டியதால்தான் இரண்டு இடத்தில் முறிந்ததோ என்று தோன்றி மறுபடி தண்ணீர் குடிக்கப் போனேன்.

நாகராஜன் சார் முப்பது வருஷம் அரசாங்கத்தில் இருந்தவர். அவருக்கு வழி தெரிந்தது. “ஒருதரம் போட்ட ஆர்டரைக் கேன்சல் பண்றது கஷ்டம்மா. ஆனா அதை மேற்கொண்டு திருத்தி இன்னொரு ஆர்டர் போடலாம். பேப்பரைச் சொருகு” என்றார். அவர் சொல்லச் சொல்ல டைப் அடித்தேன். முன்னர் சமர்ப்பித்த வேண்டுதல்கள் இரண்டும் இதனால் திருத்தப்படுகின்றன. மேற்படி தேங்காய்களும் மேற்படி பிரதட்சிணங்களும் ஸ்ரீ தண்டபாணியின் கால் குணமாவதற்கும் வேலை நிரந்தரமாவதற்கும் உரியவை எனக் கொள்ளப்பட வேண்டும். இரண்டு கார்பன் காப்பி. நான் கையெழுத்துப் போட்டேன், அவர் கீழே தேதியோடு சுருக்கொப்பம் வைத்தார். இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் காகிதத்தை நாலாக மடித்துப் பிள்ளையார் காலடியில் வைக்கச் சொல்லிக் குருக்களிடம் கொடுத்தோம். அர்ச்சனைச் சீட்டு என்று நினைத்து வைத்துவிட்டார். சார் மூச்சு வாங்கிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தார். நான் ஏழாவது தேங்காயை ஓங்கியபோது வாசலில் ஒரு ஸ்கூட்டர் ரிக்‌ஷா வந்து நின்றது. முதலில் இரண்டு ஊன்றுகோல் வெளியே வந்தன. பிறகு தண்டபாணி, பின்னால் அவர் அக்கா.

தேங்காயைப் பார்த்தார். சாரைப் பார்த்தார். “ஜெயிச்சதுக்குங்களா?” என்றார்.

“இல்ல. உங்க காலுக்கு.”

“எங்க பில்டிங்ல ஒருத்தருங்கூட எனக்காக ஒரு தேங்கா ஒடைக்கலீங்க” என்றார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். அந்தக் கையை உருவிக்கொள்ளவும் எனக்குத் தைரியமில்லை, உண்மையைச் சொல்லவும் தைரியமில்லை. நாகராஜன் சார் எங்களைப் பார்க்காமல் சுற்றிக்கொண்டே இருந்தார். நூற்றெட்டுக்கு மேலேயே சுற்றியிருப்பார்.

திருத்திய ஆர்டரில் பாதிதான் சாங்க்‌ஷன் ஆனது. வேலை நிரந்தரமாகிவிட்டது. தபால் பிரிவில் ஒரு மூலையில் நாற்காலி கொடுத்தார்கள். கால் சேர்ந்தது, ஆனால் ஒரு விரற்கடை குட்டையாகச் சேர்ந்தது. பந்து அத்தோடு போயிற்று. மறுபடி அதே பஸ்ஸில் வர ஆரம்பித்தார். இப்போது நான் எழுந்து இடம் கொடுப்பேன், அவர் மறுப்பார், கடைசியில் அந்த இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்துகொள்வார்கள்.

அடுத்த ஜனவரியில் எதிர் பில்டிங்குக்கு எங்கள் ஆட்கள் நாலு கோல் போட்டார்கள். எங்கள் கேன்டீனில் காத்திருந்தோம். கதவைத் திறந்துகொண்டு தண்டபாணி வந்தார், கையில் சமோசாத் தட்டு. ஆடாத ஆள், நிரந்தரமானவர்களில் புதியவர், அதனால் அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு அடிக்கும் தட்டு ஒரு பக்கம் சாய்ந்தது, அவர் அதை நிமிர்த்திக்கொண்டே வந்தார். என் முன்னால் வந்து நின்றார். ஒரு வருஷமாக அடக்கி வைத்தது வாய் வரை வந்துவிட்டது.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நான்...”

“கை தட்டுனீங்க. பாத்தேனுங்க” என்றார். குரலில் கோபமில்லை. அத்தனை பேர் முன்னால் தட்டை இன்னும் கொஞ்சம் கிட்டே நீட்டினார். “அதை விடுங்க. உப்பு செரியா இருக்குதான்னு சொல்லுங்க.”

ஒன்று எடுத்தேன். கடித்தேன். அவர் ஒரு கணம் காத்திருந்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

அதற்கப்புறம் எனக்குக் கல்யாணமாயிற்று. அவருக்குத் தெற்கே எங்கோ மாற்றலாயிற்று. நாகராஜன் சார் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார், போனவர் கடிதம் போடவில்லை. அந்த மைதானத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. சரோஜினி நகரில் எங்கள் வரிசை வீடுகளை இடித்துவிட்டு உயரம் உயரமாகக் கட்டுகிறார்கள். கால் உடைந்தவனும் கை தட்டியவளும் மறுநாளும் ஏறியாக வேண்டியிருந்த அந்த பஸ் இல்லை. அந்த ஆட்டம் இல்லை, தட்டைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடக்கிற வழக்கம் இல்லை.

சற்று முன் போனை நிமிர்த்திப் பார்த்தேன். “அந்தப் பையனுக்குக் கால் எப்படி இருக்கிறதாம்?” என்று குழுவில் கேட்டேன். யாரும் பதில் போடவில்லை. தண்ணீர் லாரி எப்போது வரும் என்பதற்குப் போய்விட்டார்கள்.

தண்டபாணி எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்பதும் தெரியாது. அன்று உப்பு சரியாகத்தான் இருந்தது. அதை அவரிடம் நான் சொல்லவேயில்லை.